பச்சை நூல் தைத்த தண்ணீர்க் கேன்

அலெக்ஸாந்திரியா
மே 4, 1986

என் தம்பி பர்ஹாமுக்கு, அண்ணன் ஷஹாத்தா சொல்ல எழுதுவது.

உன்மேல் அல்லாஹ்வின் அமைதியும் அருளும் நிறையட்டும். உன் முதுகு வலி தேவலையா, ரொட்டிக்கடை அடுப்பு வெக்கை உன்னை வாட்டாமல் இருக்கிறதா என்று கேட்கிறேன். நானும் தங்கை வஜீதாவும் சுகம்.

என் கை எழுதாது என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் மனு எழுதித் தரும் ஸப்ரி எஃபெந்தி எழுதுகிறார். எடுத்த எடுப்பிலேயே "கண்ணீர் மையில் பேனாவைத் தோய்த்து" என்று போட்டார். "எஃபெந்தி, என் தம்பி அங்கேயே விழுந்து செத்துருவான். நான் சொல்றத மட்டும் போடுங்க" என்று அடிக்கச் சொன்னேன். ஆகவே பயப்படாமல் படி.

உன் பிள்ளை மேதத் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் படித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை கொய்யாத் தோட்டத்துக்கு மருந்தடித்தான். காற்று எதிர்த்து வீசியிருக்கிறது. முகத்தில் துணி கட்டவில்லை. நம் ஊர் ரஷீதில் யார்தான் கட்டுகிறார்கள்? மாலை அசர் தொழுகைக்குள் வாயில் நுரை தள்ளி, கண்மணி எள்ளளவாகச் சுருங்கிவிட்டது. இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். பிழைத்து எழுந்தான், என் பெயரைச் சொன்னான். பிறகு மூச்சிழுக்கும் தசையெல்லாம் வேலையை விட்டுவிட்டது. தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சு மெஷினில் போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் விவியான் என்றொரு பெண் பார்க்கிறாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை: "பெரியவரே, விஷம் தானா இறங்கிடும். மூணு நாலு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் மெஷின் இவனுக்காக மூச்சு விடும். எங்க பயம் விஷத்துமேல இல்ல, இந்தக் குழாய்மேலதான். குழாய் இருந்தா இரும முடியாது. வாயில இருக்கற கிருமியெல்லாம் அது வழியா நெஞ்சுக்குள்ள இறங்கும்."

அவனுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. கண்ணை மூடினால் ஆமாம், புருவத்தைத் தூக்கினால் இல்லை. "வாப்பா வரணுமா?" என்று கேட்டேன். கண்ணை மூடினான். வெகுநேரம் திறக்கவில்லை.

முடிந்தால் வா.

உன் அண்ணன்
ஷஹாத்தா


ஜித்தா
மே 13, 1986

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் உடல்நலத்துக்கும் வஜீதாவின் நலத்துக்கும் துஆ செய்கிறேன். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

கடிதம் கிடைத்த அன்றே முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டேன். பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருக்கிறது. "ரமளான்ல ஒருத்தன விட்டா என் கடை படுத்துரும். பெருநாள் முடியட்டும், பாக்கலாம்" என்கிறார். இரண்டு முறை போனுக்குக் காத்துக் கிடந்தேன். ஒரு முறை இணைப்பே வரவில்லை. மறுமுறை வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் ஒருவன் எடுத்து என்னைத் திட்டினான்.

என்னால் வர முடியாத இடத்துக்கு இதை அனுப்புகிறேன். என்னோடு வேலை செய்யும் ராகிப் விடுமுறையில் கப்பலில் வருகிறான். அவனிடம் மக்காவின் புனித ஊற்றிலிருந்து ஒரு கேன் ஜம்ஜம் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். வழியில் யாரும் திறக்காமல் இருக்க மூடியைத் துணியால் சுற்றி, பச்சை நூலால் நானே தைத்தேன். தினமும் அவன் வாயில் கொஞ்சம் விடுங்கள். டாக்டர் ஏதாவது சொல்வாள். அவள் படிப்பு அவளுக்கு. அவன் என் பிள்ளை.

அண்ணா, என்னை வளர்த்தவர் நீங்கள். சூளையில் செங்கல் சுமந்து என்னைப் பள்ளிக்கு அனுப்பினீர்கள். இதுவரை நான் கேட்டு நீங்கள் இல்லையென்றதில்லை.

மேதத்தின் தாய் இன்ஸாஃபுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி
பர்ஹாம்


அலெக்ஸாந்திரியா
மே 22, 1986

தங்கை வஜீதாவுக்கு அண்ணன் ஷஹாத்தாவின் ஸலாம். தமன்ஹூரில் நீயும் உன் எருமையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வீக்கத்தோடு நோன்பு பிடிக்காதே, சொன்னால் கேள்.

நல்ல செய்தி முதலில். மேதத் நேற்று விரலை அசைத்தான். டாக்டர் மெஷினைக் குறைத்துவைத்துப் பார்த்தாள். ஒரு சின்னத் தூக்க நேரம் தானாக மூச்சு விட்டான். "இப்படியே போனா பெருநாளுக்கு முன்னாடி குழாய எடுத்துடலாம்" என்றாள்.

கெட்டது, அந்தக் கேன். ராகிப் தோளில் சுமந்து கொண்டுவந்து வைத்துவிட்டான். டாக்டரிடம் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "பெரியவரே, நான் கிறிஸ்தவச்சிங்கறதால சொல்றேன்னு நினைக்காதீங்க. ஊத்துல அது சுத்தம்தான். ஆனா கேன்ல அடைச்சு, வெயில்ல கப்பல்ல வந்து, பத்துக் கை பட்ட தண்ணி. அதையும் விடுங்க, நான் கொதிக்கவச்ச தண்ணியே குடுத்தாலும் இவனுக்கு வயித்துக்குப் போகாது. குழாயோரமா வழிஞ்சு நுரையீரலுக்குத்தான் போகும். ஈரப் பஞ்சால உதட்ட நாங்க துடைக்கிறோம். வேற யாரும் வாயத் தொடக்கூடாது."

பர்ஹாம் கொடு என்கிறான். இவள் கொடுக்காதே என்கிறாள். நடுவில் நான் நிற்கிறேன். பிள்ளையோ என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைக்கிறான். என்ன கேட்கிறான் என்று புரிந்துகொள்ள எனக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. தண்ணீர்.

கேனை இன்ஸாஃபிடம் கொடுத்து, பெண்கள் தங்கும் கொட்டகையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


தமன்ஹூர்
மே 24, 1986

அண்ணனுக்கு வஜீதாவின் ஸலாம். என் முழங்காலும் எருமையும் ஒரே மாதிரிதான், இரண்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. முதியோர் பள்ளியில் படித்த எழுத்து, கோணலாக இருந்தால் உன் எஃபெந்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொல்.

அண்ணே, டாக்டர் சொல்வதைக் கேள். பர்ஹாம் கோபித்தால் கோபிக்கட்டும். அவன் கோபம் பால் மாதிரி, பொங்கி அடங்கிவிடும் என்று எழுத நினைத்தேன். ஆனால் அப்படி இல்லை என்பது நம் இருவருக்குமே தெரியும். அவர்கள் சின்ன மகள் கால்வாயில் மூழ்கியபோது இன்ஸாஃப் துணி துவைத்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக ஒரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தான். அந்த வீட்டில் இருக்க முடியாமல்தானே ஜித்தாவுக்குப் போனான்?

கேனை அவளிடம் ஏன் கொடுத்தாய்?

வஜீதா


ஜித்தா
மே 24, 1986

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு ஸலாம். தாங்கள் சுகமாக இருக்க துஆ.

கேன் வந்து சேர்ந்ததா? கொடுக்கத் தொடங்கினீர்களா? நோன்பு திறக்கும் நேரத்தில் கடையில் எல்லாரும் தண்ணீரை எடுப்பார்கள். இந்நேரம் அவன் உதட்டிலும் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் என் கோப்பையைத் தொடுகிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

பர்ஹாம்


அலெக்ஸாந்திரியா
ஜூன் 1, 1986

தம்பி பர்ஹாமுக்கு அண்ணனின் ஸலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம், இன்ஸாஃபும் சுகம்.

கேன் பத்திரமாக வந்தது. அது எங்களோடுதான் இருக்கிறது.

மேதத் நடுவில் தானாக மூச்சுவிட்டான். இப்போது கொஞ்சம் காய்ச்சல். மறுபடி மெஷினைக் கூட்டியிருக்கிறார்கள். டாக்டர் மருந்து மாற்றியிருக்கிறாள். இங்கே கடல் காற்று நன்றாக வீசுகிறது. பேரீச்சை இன்னும் காயாகத்தான் இருக்கிறது.

முதலாளியிடம் மறுபடி கேட்டுப் பார்.

அண்ணன்


அலெக்ஸாந்திரியா
ஜூன் 2, 1986

தங்கை வஜீதாவுக்கு ஸலாம். உன் சுகம் கேட்கிறேன். என்னைக் கேட்காதே.

படித்துவிட்டு அடுப்பில் போடு.

நோன்பு திறக்க பாங்கு சொன்னதும் நர்சுகள் நடைக்கூடத்தில் துணி விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். காவல்காரன் நல்லவன், அந்த நேரம் பார்த்துத் தாயை உள்ளே விடுவான். வியாழக்கிழமை நான் அவளுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கப் பின்னாலேயே போனேன். சட்டைக்குள்ளிருந்து சின்னச் சீசாவை எடுத்து, துணி முனையை நனைத்து அவன் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். "மெதுவா, என் கண்ணு, மெதுவா" என்றாள். அவன் கண்ணை மூடி மூடித் திறந்தான். ஆமாம், ஆமாம் என்று.

"என்னடி பண்ணுற!" என்றேன்.

"அவன் குடிக்காம நான் எப்படி நோன்பு திறப்பேன், அண்ணே? இத்தன நாளும் இவனுக்குக் குடுத்துட்டுத்தான் நான் குடிச்சேன். அவரு அனுப்புன தண்ணிதானே?"

கேன் வந்த அடுத்த நாளிலிருந்தே கொடுத்திருக்கிறாள். துணியைக் கொட்டகைக் குழாயில் அலசி, கொடியில் போட்டு, மறுநாள் அதே துணி.

நான் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் மேதத்தின் நெஞ்சிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியையும் கேன் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்பினாள். இன்று கூப்பிட்டாள். "ரெண்டுலயும் ஒரே சாதிக் கிருமி. ஈரத்துல வளர்றது. குடுக்குற மருந்து எதுக்கும் அசைய மாட்டேங்குது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஆனா பெரியவரே, பொய் சொல்லமாட்டேன். இதே சாதி எங்க கைகழுவுற தொட்டியிலயும் இருக்கு. மெஷின் குழாயிலயும் இருக்கும். இங்க படுத்தவங்க பாதிப் பேருக்கு யாரும் தண்ணி குடுக்காமலே இது வந்திருக்கு. எது வழியா வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

எது வழியாக என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்று. அதுதான் என் கழுத்தைப் பிடிக்கிறது.

இன்ஸாஃப் கதவருகே நின்று முன்பாதியைக் கேட்டுவிட்டாள். பின்பாதியைக் கேட்க நிற்கவில்லை. நான் போய்ச் சொன்னேன், காதில் ஏறவில்லை. அப்போதிருந்து பேச்சில்லை.

அண்ணன்


தந்தி
ஜூன் 6, 1986

மேதத் இறைவனிடம் சேர்ந்தான். பொறுமை கொள். ரஷீதில் அடக்கம். ஷஹாத்தா.


ஜித்தா
ஜூன் 17, 1986

அண்ணன் அவர்களுக்கு ஸலாம்.

பெருநாள் அன்று தந்தியைக் கையில் கொடுத்தார்கள். முதலாளி எல்லாருக்கும் முன்னால் என்னைத் தழுவிக்கொண்டார். பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை. அடக்கமே முடிந்த பிறகு போய் என்ன செய்யப்போகிறாய் என்று மற்றவர்களை விட்டுச் சொல்லச் சொன்னார்.

ராகிப் எழுதியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்களாம், யாரோ பையன் வாயில் தண்ணீர் விட்டதால் நெஞ்சில் கிருமி ஏறிவிட்டதென்று. யாரோ என்றால் யார்? என்ன தண்ணீர்?

அண்ணா, உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது நான் அனுப்பிய தண்ணீரா? இன்ஸாஃப் கையா? அப்படியானால் என் பிள்ளையைக் கொன்றது நான் என்று தெரிந்துகொள்கிறேன். அவளும் தெரிந்துகொள்ளட்டும். ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள், இரண்டாவதையும் தண்ணீரால். அப்படியானால் அந்த வீட்டு வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன்.

அப்படி இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். உங்கள் வாய்ச் சொல்லை நான் நம்புவேன்.

பர்ஹாம்


அலெக்ஸாந்திரியா
ஜூன் 28, 1986

தங்கை வஜீதாவுக்கு ஸலாம். உன் சுகத்துக்கு துஆ செய்கிறேன்.

ரஷீதிலும் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த விஷயம் ஏற்கெனவே தெரிந்தவர் ஸப்ரி எஃபெந்தி ஒருவர்தான். இன்னொருவர் காதில் போட மனமில்லாமல் பஸ் ஏறி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்கார்ந்து சொல்கிறேன்.

பர்ஹாம் கேட்டுவிட்டான். ஆமாம் என்றால், அவன் தைத்த கேன் அவன் மகனைக் கொன்றது என்று சாகும்வரை அடுப்புமுன் நின்று நினைப்பான். இன்ஸாஃப் இப்போதே கால்வாய்ப் படியில் போய் உட்காருகிறாள். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அந்தப் படியிலிருந்து எழுந்து வர மாட்டாள். தெரியாது என்றால் அவனாகவே ஆமாம் என்று எடுத்துக்கொள்வான். கொடுக்கவில்லை என்றால் என்னை வெறுப்பான். மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு வழி இருந்தால் நீ சொல்.

அவன் நடை பழகியது என் விரலைப் பிடித்து. முதல் எட்டு வைத்த அன்று போட்டிருந்த சட்டையின் கோடுகூட எனக்கு நினைவிருக்கிறது. எழுத்துத் தெரிந்தவன் தாளைக் கிழித்துப்போட்டு மறக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

அண்ணன்


அலெக்ஸாந்திரியா
ஜூன் 28, 1986

தம்பி பர்ஹாமுக்கு அண்ணனின் ஸலாம். அல்லாஹ் உன் நெஞ்சுக்குப் பலம் தரட்டும். நான் சுகம்.

உன் தண்ணீர் அவன் வாயில் படவில்லை. டாக்டர் கூடாதென்றாள், நான் அவள் பேச்சைக் கேட்டேன். இன்ஸாஃப் கெஞ்சினாள், நான் விடவில்லை. நீ தைத்த தையல் பிரிக்காமல் கேன் என் வீட்டில் இருக்கிறது. கிருமி மெஷினிலிருந்து வந்தது. அங்கே பலருக்கும் அப்படித்தான். ராகிப் கேட்டது வேறு கட்டில்காரன் கதை.

முடிவெடுத்தவன் நான். அவளை ஒன்றும் சொல்லாதே.

அண்ணன் ஷஹாத்தா


ஜித்தா
ஜூலை 11, 1986

ஸலாம்.

கேட்டதற்குப் பதில் வந்தது. நான் அனுப்பிய தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு என் பிள்ளையைத் தாகத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள்.

வாயில் விடாததை அவன் கபர் மண்ணிலாவது விடுங்கள். முழுக் கேனையும், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். ராகிப் விடுமுறை முடிந்து கிளம்புமுன் ரஷீதுக்கு வருவான். அவன் கண்முன் ஊற்றுங்கள்.

பர்ஹாம்


தமன்ஹூர்
ஜூலை 22, 1986

அண்ணனுக்கு வஜீதாவின் ஸலாம். என் கால் தேவலை, நடக்கிறது.

கேனில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று ஆள் அனுப்பிச் சொன்னாய். குழாய்த் தண்ணீரை நீ நிரப்பு. தையலைத் தொடாதே. உன் கைக்குச் சாக்குத் தைக்கத்தான் வரும். மூடியைப் பார்த்தால் ராகிப் என்ன, அவன் கழுதைகூடக் கண்டுபிடித்துவிடும். பர்ஹாமுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே? அவன் முடிச்சு எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். தமன்ஹூர் சந்தை முழுக்க அலைந்து அதே பச்சையில் நூல் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன்.

கடைசியாகக் கேட்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாமா, அண்ணே? வந்ததும் வாயால் பதில் சொல். எழுதவேண்டாம்.

வஜீதா


அலெக்ஸாந்திரியா
ஆகஸ்ட் 3, 1986

தம்பி பர்ஹாமுக்கு அண்ணனின் ஸலாம். ஹஜ் கூட்டத்தில் கடை வேலை அதிகமிருக்கும், வேளைக்குச் சாப்பிடு. இங்கே எல்லாரும் சுகம்.

நீ சொன்னபடி செய்தோம். ராகிப் வந்தான், வஜீதாவும் இருந்தாள். ராகிப்தான் கேனைத் தூக்கி வந்தான். "என்ன பெரியப்பா இந்தக் கனம் கனக்குது! நான் ஜித்தாவுல தூக்கினப்ப இருந்த அதே பாரம்" என்றான். நூலை அவனே கத்தியால் அறுத்தான். மேதத்தின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நான் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது.

இன்ஸாஃப் வந்திருந்தாள். இத்தனை நாளாக ஒரு சொல் பேசாதவள், நான் கேனைச் சாய்த்ததும் என் கையைப் பிடித்தாள். "மெதுவா, அண்ணே. மெதுவா ஊத்துங்க" என்றாள். வீட்டுக்கு வந்து கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டாள்.

கேன் காலி.

அண்ணன்


ஜித்தா
ஆகஸ்ட் 24, 1986

ஷஹாத்தா அவர்களுக்கு,

ஸலாம். அனைவரும் நலமென்று நினைக்கிறேன்.

ராகிப் திரும்பி வந்தான். என் தையல் என் முடிச்சோடு அப்படியே இருந்ததாம். மூடிவரை தண்ணீர் நின்றதாம்.

கொடுக்கவில்லை என்று நீங்கள் எழுதியபோது கோபத்தில் பதில் போட்டேனே தவிர, உள்ளுக்குள் நான் அதை நம்பவில்லை. என் அண்ணனை எனக்குத் தெரியும், டாக்டர் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றோ எதற்கோ பயந்து அப்படி எழுதுகிறார், பிள்ளை கண்ணால் கேட்டிருப்பான், ஒரு விரலாவது நனைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராகிப்பைக் கேனைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான். கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று.

இன்ஸாஃபிடம் சொல்லுங்கள், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வந்து அவளோடு இருப்பேன். இனி வேறு யாரிடமாவது சொல்லி அவள் எனக்குக் கடிதம் போடட்டும்.

நீங்கள் எழுத வேண்டாம்.

பர்ஹாம்